இலையும் மெழுகும்

லண்டனில் வெளிவந்துகொண்டிருந்த 'ஜென்டில்மேன்ஸ் மேகஸின்' என்னும் மாத இதழின் 1794 அக்டோபர் வெளியீட்டில் ஒரு கடிதம் உள்ளது. எழுதியவர் பி.எல். என்று முதலெழுத்துகளை மட்டுமே இட்டிருக்கிறார். ஆங்கிலேயப் படையில் மாடோட்டியாகப் பணிபுரிந்த கவாஸ்ஜி என்ற மராட்டியரைப் பற்றியது அது. 1792ஆம் ஆண்டுப் போரில் அவர் திப்பு சுல்தானின் படையினரிடம் சிறைப்பட்டார். மூக்கும் ஒரு கையும் வெட்டப்பட்ட நிலையில் திரும்பி வந்தார். ஏறத்தாழ ஓராண்டுக் காலம் மூக்கின்றி வாழ்ந்த அவருக்குப் புனே அருகே ஒருவர் புதிய மூக்கொன்றை அமைத்துக் கொடுத்தார். செங்கல் செய்யும் சாதியைச் சேர்ந்தவர் என்பதற்கு மேல் அவரைப் பற்றிக் கடிதம் எதுவும் கூறவில்லை. அவருடைய பெயரும் இல்லை.

நெற்றித் தோலை அறுத்துத் திருப்பி மூக்கின் இடத்தில் பொருத்தும் இந்த முறையைப் பிளாஸ்டிக் அறுவை மருத்துவத்தின் வரலாற்றை எழுதுவோர் தவறாமல் குறிப்பிடுவர். லண்டன் மருத்துவர் ஜோசப் கார்ப்யூ இதைப் பின்பற்றி 1814 முதல் செய்த இரண்டு அறுவைகளைப் பற்றி 1816இல் ஒரு நூலே எழுதினார். நாட்டின் பழம்பெருமையைப் பேசும் மேடைகளிலும் கவாஸ்ஜியின் மூக்கு அவ்வப்போது தலைகாட்டுவதுண்டு. நாம் இங்கே கவனிக்க விரும்புவது அக்கடிதத்தில் ஓரிரு வரிகளில் வந்துபோகும் ஒரு சிறு செய்தியை.

கத்தியைக் கையிலெடுப்பதற்கு முன் அந்த மனிதர் மெல்லிய மெழுகுத் தகடு ஒன்றை எடுக்கிறார். எஞ்சியிருக்கும் மூக்கின் அடிப்பகுதிமேல் அதை வைத்து, பார்வைக்கு நன்றாக இருக்கும்படி ஒரு மூக்கை வனைகிறார். பிறகு அந்த மெழுகு மூக்கைத் தட்டையாக்கி நெற்றியின்மேல் வைத்து, விளிம்பையொட்டிக் கோடு போடுகிறார். அந்தக் கோட்டின் வழியேதான் கத்தி செல்கிறது. இரு கண்களுக்கிடையே ஒரு சிறு தோற்பாலம் மட்டும் அறுபடாமல் விடப்படுகிறது. புதிய மூக்குக்குக் குருதி செல்லும் வழி அதுவே. பின்னர் காசுக்கட்டியை நீரில் குழைத்துத் துணிக்கீற்றுகளில் தடவி, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஒட்டுகிறார்கள்.

இதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முந்திய சுசுருத சம்ஹிதையிலும் மூக்கறுவை உண்டு. அங்கே தோல் கன்னத்திலிருந்து எடுக்கப்படுகிறது. அளவுக்குப் பயன்படுவது ஓர் இலை. அறுபட்ட பகுதி எவ்வளவோ அவ்வளவுக்கு இலையை நறுக்கி, அதைக் கன்னத்தில் வைத்து, அந்த அளவுக்குத் தோலை எடுக்க வேண்டும் என்பது அந்நூலின் முறை.

இலையும் மெழுகும் ஒரே வேலையைச் செய்பவைபோல் தோன்றும். ஆனால் இரண்டுக்கும் இடையே பெரிய வேறுபாடு உண்டு. இலை, இழந்தது எவ்வளவு என்று சொல்கிறது. மெழுகோ இனி வரவிருக்கும் மூக்கு எப்படியிருக்கும் என்று சொல்கிறது. இலையின் கூற்றை அப்போதே புண்ணின்மேல் வைத்துச் சரிபார்த்துவிடலாம். மெழுகின் கூற்றைச் சரிபார்க்கக் காயம் ஆறும்வரை காத்திருக்க வேண்டும். முன்னது அளவு, பின்னது வாக்குறுதி. இன்றைய மருத்துவமும் பல் மருத்துவமும் கேமராவாலும் லேசராலும் கணினியாலும் செய்யும் முப்பரிமாண மேற்பரப்புப் பதிவு, சிகிச்சை முன்காட்சி ஆகிய இரண்டும் இந்த இலையும் மெழுகுமே என்பது நம் எண்ணம். கடந்த இருநூற்றைம்பது ஆண்டுகளில் இலை வியக்கத்தக்க அளவு கூர்மை பெற்றுவிட்டது. மெழுகு அதே அளவுக்குக் கூர்மை பெற்றதா என்பதுதான் கேள்வி.

*

முதலில் இலையின் கதை.

உடலின் வடிவத்தைப் பதிவுசெய்யும் மிகப் பழைய வழி, தொட்டு அச்சு எடுப்பது. பிரஷ்ய மன்னர் இரண்டாம் பிரெடரிக்கின் பல் மருத்துவரான பிலிப் பாஃப் 1756இல் வெளியிட்ட நூலில், மெழுகால் தாடையின் அச்சை எடுத்து அதில் பிளாஸ்டரை ஊற்றி மாதிரி செய்யும் முறையை விளக்கினார். அதன் பிறகு இரண்டரை நூற்றாண்டுகளாக, பல் கட்டிக்கொள்ளப் போன எவரும் வாய் நிறைய ஏதோ ஒரு பசையைக் கடித்துக்கொண்டு, குமட்டலை அடக்கியபடி உட்கார்ந்திருக்க நேர்ந்தது. பசைதான் மாறியது. மெழுகுக்குப் பின் பிளாஸ்டர், பிறகு கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகர். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிலிருந்து அகர் வருவது நின்றுபோனபோது, வேறொரு கடற்பாசியிலிருந்து கிடைத்த ஆல்ஜினேட் அந்த இடத்தைப் பிடித்தது. உலகப் போரொன்று நம் வாய்க்குள் வைக்கப்படும் பசையைக்கூட மாற்றியிருக்கிறது.

தொடாமல் அச்சு எடுக்க முடியுமா? பாரிஸ் நகரின் பிரான்சுவா வில்லெம் என்ற சிற்பி 1860களில் இதற்கொரு விடை கண்டார். வட்டமான ஓர் அறையின் நடுவில் ஆளை நிறுத்தி, சுற்றிலும் 24 கேமராக்களால் ஒரே நேரத்தில் படமெடுத்தார். ஒவ்வொரு படத்தின் புறக்கோட்டையும் பாண்டோகிராப் என்னும் படியெடுக்கும் கருவியால் களிமண்ணில் வெட்டினார். 24 திசைகளின் புறக்கோடுகள் சேர்ந்தபோது ஒரு சிலை உருவாயிற்று. செல்வந்தர்களின் வரவேற்பறைகளை அழகுபடுத்தவே அது பயன்பட்டது. இருப்பினும், முகத்தின் வடிவத்தைக் கையால் தொடாமல் ஒளியாலேயே எடுக்கலாம் என்ற கருத்து அங்கே செயலாகிவிட்டது.

இரு கண்களும் ஒரே பொருளைச் சற்றே வேறுபட்ட கோணங்களில் பார்ப்பதால்தான் நமக்கு ஆழம் புலப்படுகிறது என்பதை சார்லஸ் வீட்ஸ்டன் 1838இல் தம் ஸ்டீரியோஸ்கோப் கருவியால் மெய்ப்பித்திருந்தார். இரண்டு படங்களிலிருந்து ஆழத்தைக் கணக்கிடும் இக்கலை முதலில் நில அளவைக்கும் விமானத்திலிருந்து வரைபடம் தயாரிப்பதற்கும் பயன்பட்டது. மலையை அளந்த கருவி பிறகு மூக்கை அளக்க வந்தது. 1967இல் இங்கிலாந்தின் பர்க், பியர்ட் இருவரும் முகத்தை இரட்டைப் படங்களாக எடுத்து, அதிலிருந்து சமவுயரக் கோடுகள் வரைந்த கட்டுரையை அமெரிக்கப் பல்சீரமைப்பு இதழொன்றில் வெளியிட்டனர். பள்ளி நிலப்படத்தில் நீலகிரியைச் சுற்றி வளையம் வளையமாகக் கோடுகள் இருக்குமே, அதேபோல் ஒரு மனிதரின் கன்னத்தைச் சுற்றியும் மூக்கைச் சுற்றியும் கோடுகள். முகம் ஒரு நிலப்பரப்பாயிற்று.

1970இல் ஜப்பானிய அறிஞர் ஹிரோஷி தகாசாகி இன்னும் எளிய வழியொன்றைக் காட்டினார். கொசுவலையை இரண்டாக மடித்துப் பிடித்தால் இழைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து அலையலையாக ஒரு கோலம் தோன்றுவதை நாம் கண்டிருப்போம். மோய்ரே என்று இதற்குப் பெயர். நெருக்கமான கோடுகளைக் கொண்ட சட்டம் ஒன்றின் நிழலை உடலின்மேல் விழச் செய்து அதே சட்டத்தின் வழியாகப் பார்த்தால், உடலின் மேடுபள்ளங்களுக்கேற்ப வளையங்கள் தாமாகவே தோன்றும். கணக்குப் போடவும் வேண்டியதில்லை. ஜப்பானியப் பள்ளிகளில் மாணவர்களின் முதுகெலும்பு வளைவைத் தொடக்கத்திலேயே கண்டறிய இம்முறை பயன்பட்டது. முதுகின் இருபுறமும் வளையங்கள் ஒத்திருந்தால் நலம். ஒத்திராவிட்டால் மருத்துவரிடம் அனுப்பினார்கள்.

பிறகு லேசர் வந்தது. 1980களில் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த மாஸ், லின்னி, ஆரிட்ஜ் முதலியோர் நோயாளியைச் சுழலும் நாற்காலியில் அமர்த்தி, முகத்தின்மேல் ஒரு மெல்லிய லேசர்க் கோட்டைப் பாய்ச்சி, அக்கோடு வளையும் விதத்தை வீடியோ கேமராவால் பதிந்து, முகத்தைக் கணினிக்குள் கொண்டுவந்தனர். ஏறத்தாழ அதே காலத்தில் கலிபோர்னியாவின் சைபர்வேர் நிறுவனமும் தலையைச் சுற்றிவரும் ஒரு லேசர்க் கருவியைச் செய்திருந்தது. 1986இல் வெளிவந்த நான்காம் 'ஸ்டார் டிரெக்' திரைப்படத்தில் நடிகர்களின் தலைகள் ஒன்றிலிருந்து ஒன்றாக உருமாறும் காட்சிக்கு அக்கருவி பயன்பட்டது. மருத்துவமனைக்கும் திரைப்படக் கூடத்துக்கும் ஒரே கருவி பொதுவாக இருந்ததை நினைவில் வைத்துக்கொள்வோம். பின்னால் பயன்படும்.

லேசருக்கு ஒரு குறை இருந்தது. சில நொடிகளேனும் முகம் அசையாதிருக்க வேண்டும். பிளவுபட்ட உதட்டோடு பிறந்த மூன்று மாதக் குழந்தையை எப்படி அசையாமல் வைப்பது? கிளாஸ்கோ நகரின் ஆய்வாளர்கள் 1990களில் ஸ்டீரியோ முறைக்கே திரும்பி, டிஜிட்டல் கேமராக்களைக் கொண்டு குழந்தைகளின் முகத்தை நொடிப்பொழுதில் பதிந்தனர். பின்னர் வந்த 3டிஎம்டி போன்ற கருவிகள் ஒன்றரை மில்லி நொடியில், அதாவது ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒன்றரைப் பங்கு நேரத்தில், முகம் முழுவதையும் பதிந்துவிடுகின்றன. பிழை ஒரு மில்லிமீட்டரைவிடக் குறைவு. குழந்தை அழுதாலும் பரவாயில்லை. அறுவைக்கு முன்னும் பின்னும் எடுத்த பதிவுகளை ஒன்றன்மேல் ஒன்று பொருத்தி, உதடு எங்கே எத்தனை மில்லிமீட்டர் நகர்ந்தது என்று பார்க்க முடிந்தது. தம் கைவேலை நன்றா என்று அறுவை மருத்துவர் தம் கண்ணை மட்டும் நம்பியிருந்த காலம் அத்தோடு மாறத் தொடங்கியது.

இலையின் மிகச் சிறந்த பயன் என்று நாம் கருதுவது புற்றுநோய்க் கதிர்வீச்சு மருத்துவத்தில் இருக்கிறது. இடது மார்பில் புற்று கண்ட பெண்ணுக்குக் கதிர் பாய்ச்சும்போது அருகிலிருக்கும் இதயத்திலும் கதிர் படும் அபாயம் உண்டு. அவர் மூச்சை ஆழ இழுத்து நிறுத்தினால் நுரையீரல் விரிந்து, மார்புச் சுவர் இதயத்திலிருந்து விலகுகிறது. அறையின் கூரையிலிருக்கும் கேமராக்கள் மார்பின் மேற்பரப்பை இடையறாது அளந்துகொண்டிருக்கும். உரிய நிலையிலிருந்து மேற்பரப்பு சற்றே விலகினாலும் கதிரை நிறுத்திவிடலாம். இங்கே முன்காட்சி இல்லை, ஆசை இல்லை. இப்போது உடல் எங்கே இருக்கிறது என்பது மட்டுமே கேள்வி. அதற்கு விடை கிடைக்கிறது. ஓர் இதயம் காப்பாற்றப்படுகிறது.

*

இனி மெழுகின் கதை. இது இவ்வளவு நேரானது அன்று.

முதல் உலகப் போரின் பதுங்குகுழிகள் உடலை மறைத்தன, தலையை மறைக்கவில்லை. எட்டிப் பார்த்தவர்களின் முகங்கள் சிதைந்தன. அவர்களுக்காக 1917இல் இங்கிலாந்தின் சிட்கப் என்ற ஊரில் குயின்ஸ் மருத்துவமனை திறக்கப்பட்டது. ஹெரால்ட் கில்லிஸ் தலைமையில் அங்கே 5,000க்கும் மேற்பட்ட வீரர்களுக்கு 11,000க்கும் மேற்பட்ட அறுவைகள் நடந்தன. பிளாஸ்டர் அச்சுகள், ஒளிப்படங்கள் ஆகியவற்றோடு ஓவியமும் மருத்துவப் பதிவாயிற்று. முதலில் அறுவை மருத்துவராகப் பயின்று, பின்னர் ஸ்லேட் கலைப்பள்ளியில் ஓவிய ஆசிரியரான ஹென்றி டாங்க்ஸ் அந்த முகங்களை வண்ணக் கட்டிகளால் வரைந்தார். காயம், சதை, பார்வை மூன்றையும் ஒருசேரப் பதிந்த அப்படங்களைக் காண்பவர் எளிதில் மறக்க மாட்டார்.

அந்த மருத்துவமனையின் வார்டுகளில் முகம் பார்க்கும் கண்ணாடிக்கு இடமில்லை. ஊருக்குச் செல்லும் சாலையில் சில இருக்கைகளுக்கு நீல வண்ணம் பூசியிருந்தார்கள்; அதில் அமர்ந்திருப்பவர் முகம் சிதைந்த வீரராக இருக்கலாம் என்று ஊரார் முன்கூட்டியே அறிந்துகொள்வதற்காக. முகத்தின் ஒவ்வொரு மேடுபள்ளமும் அளந்து பதியப்பட்ட இடத்தில், அந்த முகத்துக்கு உரியவர் மட்டும் அதைப் பார்க்க இயலாதிருந்தார்.

அறுவையால் சரிசெய்ய இயலாத முகங்கள் சிற்பிகளிடம் சென்றன. லண்டன் வான்ட்ஸ்வொர்த்தில் இருந்த மூன்றாம் லண்டன் பொது மருத்துவமனையில் பிரான்சிஸ் டெர்வென்ட் வுட், பாரிஸில் அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தின் உதவியோடு ஆன்னா கோல்மன் லாட் ஆகிய இருவரும் இவ்வேலையைச் செய்தனர். ஆறிய முகத்தின்மேல் பிளாஸ்டரால் அச்சு எடுப்பார்கள். அது இலை. பின்னர் போருக்கு முன் எடுத்த ஒளிப்படத்தைப் பார்த்து, இல்லாத பகுதியை அந்த மாதிரியின்மேல் வனைவார்கள். அது மெழுகு. அதன்மேல் மின்முலாம் முறையில் மெல்லிய செப்புத் தகட்டைப் படியச் செய்து, தோலின் நிறத்தில் வண்ணம் பூசி, மூக்குக் கண்ணாடியோடு இணைத்து அணியக் கொடுப்பார்கள்.

அந்த முகமூடிகளின் ஒளிப்படங்களைக் காணும்போது வியப்பும் துயரமும் ஒருங்கே எழுகின்றன. வடிவத்தில் குறை காண இயலாது. ஆனால் செம்பு சிரிக்காது. அணிந்தவருக்கு வயது ஏறும். முகமூடி ஒளிப்படம் எடுத்த நாளிலேயே நின்றுவிடும். தொல்காப்பியர் மெய்ப்பாட்டை எட்டாக வகுத்தார். உள்ளத்தில் தோன்றுவது உடலில் புலப்படுவதே மெய்ப்பாடு என்று நாம் வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறோம். செப்பு முகத்துக்கு அந்த எட்டில் ஒன்றும் இல்லை. மிகச் சரியான வடிவமும் முகமாகிவிடாது என்பதை அவ்வீரர்கள் தம் வாழ்வில் அறிந்திருப்பார்கள்.

*

பல் மருத்துவத்தில் மெழுகு வேறு வழியில் வளர்ந்தது. 1945இல் அமெரிக்கப் பல்சீரமைப்பு மருத்துவர் ஹெரால்ட் கெஸ்லிங் ஓர் யோசனையை வெளியிட்டார். நோயாளியின் பற்களைப் பிளாஸ்டரில் வார்த்து, ஒவ்வொரு பல்லையும் சிறு ரம்பத்தால் தனித்தனியாக அறுத்தெடுத்து, மெழுகில் சரியான வரிசையில் மீண்டும் நட்டு வைக்க வேண்டும். அப்படி அமைந்த 'வருங்காலத் தாடை'யின்மேல் ரப்பரால் ஒரு கவசம் செய்து நோயாளியைக் கடிக்கச் சொன்னால், பற்கள் மெல்ல மெல்ல அந்த வரிசைக்கு நகரும். பெரிய நகர்வுகளுக்கும் இப்படிப் படிப்படியாகப் பல கவசங்கள் செய்யலாம் என்று அவர் அப்போதே எண்ணினார். ஆனால் ஒருவருக்காக இருபது முறை பிளாஸ்டர் பற்களை அறுத்து நடுவதற்கு யாருக்குப் பொழுதிருந்தது?

பொழுதைக் கணினி தந்தது. பிரெஞ்சுப் பல் மருத்துவர் பிரான்சுவா துரே 1973இல் 'ஒளி அச்சு' என்ற கருத்தைத் தம் ஆய்வேட்டில் முன்வைத்தார். சூரிக் பல்கலைக்கழகத்தில் வெர்னர் மெர்மன், மார்கோ பிராண்டெஸ்டினி இருவரும் செரெக் என்ற கருவியை உருவாக்கினர். 1985 செப்டம்பர் 19 அன்று, பசை எதுவுமின்றிக் கேமராவால் ஒரு நோயாளியின் பற்குழி பதியப்பட்டது; அதற்கேற்ற பீங்கான் துண்டு பக்கத்திலேயே கடைந்தெடுக்கப்பட்டு, அந்த ஒரே அமர்வில் பொருத்தப்பட்டது. பல்லின் மினுமினுப்பு ஒளியைச் சிதறடிப்பதால் முதலில் அதன்மேல் வெள்ளைப் பொடி தூவ வேண்டியிருந்தது. குழியை அளந்து குழியை அடைக்கும் இந்த வேலையில் இலையும் மெழுகும் மிக அருகில் இருந்தன. துண்டு பொருந்தியதா இல்லையா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

கெஸ்லிங்கின் கனவு 1997இல் கலிபோர்னியாவில் தொடங்கப்பட்ட அலைன் டெக்னாலஜி நிறுவனத்தால் வணிகமாயிற்று. இன்விசலைன் என்ற பெயரில், கம்பியில்லாமல் பல்லைச் சீர்செய்யும் ஒளி ஊடுருவும் உறைகள். பற்களின் அச்சைக் கணினியில் ஏற்றி, ஒவ்வொரு பல்லையும் திரையில் தனியாகப் பிரித்து, இறுதி வரிசைவரை படிப்படியாக நகர்த்திக் காட்டுவார்கள். ஒவ்வொரு படிக்கும் ஓர் உறை. ஓர் உறையில் ஏறத்தாழ கால் மில்லிமீட்டர் நகர்வு. நிறுவனத்தின் தொடக்க ஆண்டுகளில் இந்தத் திரைப் பற்களை நகர்த்தியவர்கள் பாகிஸ்தானின் லாகூரில் அமர்ந்திருந்த பணியாளர்கள். 2001க்குப் பின் அவ்வேலை கோஸ்டாரிகாவுக்குப் பெயர்ந்தது. மருத்துவர் திரையில் பார்த்து ஒப்புதல் அளிப்பார். கெஸ்லிங் முறையில் பிளாஸ்டர்ப் பல்லை அறுத்து நட்ட கையும், சிகிச்சை செய்த கையும் ஒன்றையொன்று அறிந்திருந்தன. புனே மனிதரிடமோ இரண்டும் ஒரே கை. இப்போது அவற்றுக்கிடையே ஒரு கடல் வந்துவிட்டது.

இந்த முன்காட்சி எவ்வளவு உண்மையாகிறது? 2009இல் கிராவிட்ஸ் முதலிய அமெரிக்க ஆய்வாளர்கள் 37 நோயாளிகளின் 401 முன்பற்களை எடுத்துக்கொண்டு, திரையில் காட்டிய நகர்வையும் வாயில் நிகழ்ந்த நகர்வையும் ஒப்பிட்டனர். சராசரியாக 41 விழுக்காடு நகர்வே நிகழ்ந்திருந்தது. பல்லை ஈறிலிருந்து வெளியே இழுக்கும் நகர்வில் 29.6 விழுக்காடுதான். 2020இல் மேம்பட்ட உறைகளைக் கொண்டு நடந்த அடுத்த ஆய்வில் சராசரி 50 விழுக்காடாக உயர்ந்தது. சிகிச்சை பயனற்றது என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. பலருடைய பற்கள் இம்முறையில் நன்றாகச் சீராகியிருக்கின்றன. இடையில் மீண்டும் பதிவெடுத்துக் கூடுதல் உறைகள் செய்து குறையை நிரப்புவது மருத்துவர்களின் வழக்கம். ஆனால் முதல் நாள் திரையில் ஓடிய படத்துக்கும் முதல் தொகுதி உறைகள் முடிந்த நாளில் வாயில் இருந்ததற்கும் இடையே ஏறத்தாழப் பாதித் தொலைவு எஞ்சியிருந்தது என்பது அளந்து கண்ட உண்மை.

காரணம் எளிது. கேமரா காண்பது பல்லின் மேற்பரப்பை மட்டுமே. பல்லின் பெரும்பகுதி எலும்புக்குள் வேராக மறைந்திருக்கிறது. வேருக்கும் எலும்புக்கும் இடையே மெல்லிய தசைநார் உண்டு. அழுத்தம் விழும் பக்கத்தில் எலும்பு கரைந்து, எதிர்ப்பக்கத்தில் புதிதாக வளர்ந்தால்தான் பல் நகரும். அந்தக் கரைவும் வளர்வும் ஆளுக்கு ஆள் வேறுபடும். திரையில் பல் நகர எலும்பின் ஒப்புதல் தேவையில்லை. முகத்தின் மென்மையான பகுதிகளுக்கும் இதுவே பொருந்தும். தாடை எலும்பை ஐந்து மில்லிமீட்டர் முன்னே நகர்த்தினால் உதடும் அதே ஐந்து மில்லிமீட்டர் வந்துவிடாது. வீக்கம் வடிய வேண்டும், தழும்பு இறுக வேண்டும், தசை பழக வேண்டும். திரையில் இவற்றுக்கெல்லாம் காலம் இல்லை. ஒரு சொடுக்கில் முடிந்துவிடும்.

*

எம் மாணவி ஒருவர் சென்ற ஆண்டு தம் கைப்பேசியில் இப்படியொரு படத்தைக் காட்டினார். அவருடைய பற்கள் சதையும் உதடும் இல்லாமல் வெளிறிய நீலப் பின்னணியில் மிதந்து, ஒன்றுக்கொன்று வழிவிட்டு வரிசையில் வந்து நின்றன. கடைசிக் காட்சியைக் காட்டி, 'இதுதான் ஐயா நான்' என்றார். இன்னும் சிகிச்சை தொடங்கவில்லை. வரப்போவதை ஏற்கெனவே வந்துவிட்டதாக அவர் எண்ணியிருந்தார். அந்தப் படத்தின் துல்லியம் அவரை அப்படி எண்ண வைத்தது. அவருடைய இன்றைய பற்கள் மில்லிமீட்டரின் சிறு பின்னம்வரை சரியாகப் பதியப்பட்டிருந்தன அல்லவா? அதே திரையில், அதே வண்ணத்தில், அதே துல்லியமான கோடுகளால்தான் நாளைய பற்களும் வரையப்பட்டிருந்தன. எது அளவு, எது வாக்குறுதி என்று பிரிக்கும் கோடு அந்தப் படத்தில் எங்கும் இல்லை.

நாம் கவலைகொள்வது இதைப் பற்றியே. இலை கூர்மையாகக் கூர்மையாக, அதன் நம்பகத்தன்மையை மெழுகு இரவல் வாங்கிக்கொள்கிறது. லேசர்க் கருவி மருத்துவமனைக்கும் திரைப்படக் கூடத்துக்கும் பொதுவாக இருந்ததை முன்பு கண்டோம். திரைப்படத்தில் தலை உருமாறும்போது அது மாயம் என்று நாம் அறிந்தே பார்க்கிறோம். மருத்துவமனைத் திரையில் அதே கலை காட்டப்படும்போது அந்த அறிதல் நழுவிவிடுகிறது. 2017இல் வந்த ஐபோன் 10 முகத்தின்மேல் 30,000க்கும் மேற்பட்ட அகச்சிவப்புப் புள்ளிகளை வீசி அதன் வடிவத்தை அறிந்தது. அதன் பிறகு முகத்தை அளக்கும் கருவி சட்டைப் பைக்கே வந்துவிட்டது. மூக்கைக் கூராக்கியும் தாடையைச் செதுக்கியும் பார்க்கும் செயலிகள் விளையாட்டாகவும் கிடைக்கின்றன. அழகியல் அறுவை மருத்துவமனைகளில் ஆலோசனையாகவும் காட்டப்படுகின்றன. படத்தைக் கண்டு ஒப்புதல் கையெழுத்து இடுபவர் எதற்கு ஒப்புகிறார்? அறுவைக்கா, படத்துக்கா?

முன்காட்சியே கூடாது என்பது நம் கருத்தன்று. மெழுகு இல்லாமல் கவாஸ்ஜிக்கு மூக்கு இல்லை. சிட்கப் வீரர்கள் தம் முகத்தைப் பார்க்கவே இயலாதிருந்த நிலையோடு ஒப்பிட்டால், வரப்போகும் முகத்தைப் பற்றி மருத்துவரோடு உட்கார்ந்து பேச நோயாளிக்கு வாய்த்திருப்பது பெரிய முன்னேற்றம். மூக்கு எப்படி வேண்டும் என்று வாயால் சொல்லிப் புரியவைப்பது எவ்வளவு கடினம் என்பதைத் தையற்காரரிடம் சட்டையின் கழுத்தை விளக்கித் தோற்றவர்களும் அறிவார்கள். நோயாளியின் ஆசையை மருத்துவர் அறியவும், மருத்துவரின் எல்லையை நோயாளி அறியவும் அந்தப் படம் உதவும். அதற்கு, படத்தோடு சில சொற்களும் வர வேண்டும். இதில் அளந்தது எது, கணித்தது எது, இத்தகைய கணிப்புகளில் எத்தனை பங்கு முன்பு மெய்ப்பட்டது என்ற மூன்றையும் மருத்துவர் சொல்ல வேண்டும். அவர் சொல்லாவிட்டால் நாம் கேட்க வேண்டும்.

புனே அருகே நடந்ததற்கு மீண்டும் வருவோம். அந்த மனிதர் மெழுகில் எவ்வளவு அழகிய மூக்கையும் வனைந்திருக்கலாம். ஆனால் வனைந்ததைத் தட்டையாக்கி நெற்றியின்மேல் வைத்தாக வேண்டும். நெற்றியில் எவ்வளவு தோல் உண்டோ அவ்வளவுக்குத்தான் மூக்கு. அதை மீறிய மெழுகு அங்கேயே அவர் கண்முன் பொருந்தாமல் போயிருக்கும். அவரே அதைக் கிள்ளிக் குறைத்திருப்பார். கவாஸ்ஜியும் அந்த மெழுகின் குளிர்ச்சியைத் தம் நெற்றியில் உணர்ந்திருப்பார். தம் புதிய மூக்கு எங்கிருந்து வரப்போகிறது, அதற்காக எதைக் கொடுக்கப்போகிறோம் என்பது அப்போதே அவருக்குத் தெரிந்திருக்கும்.